உலக்கைக் கால்

பசி முற்றினால் நாக்கில் துருப்பிடித்த தகரத்தின் ருசி வரும். பதினோரு வயதில், தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அந்த ருசியோடு ஒன்பது நாள் இருந்தேன். சோறில்லாமல் அல்ல, சோற்றை நானே வேண்டாமென்று தள்ளி.

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில் பிறந்த எங்களுக்குத் தண்ணீருக்கு ஓர் இறக்கம், காட்டுக்கு ஓர் ஏற்றம், பஸ்ஸுக்கு மூன்று மைல் என்று நடந்து நடந்து கெண்டைக்கால் திரண்டுவிடும். மலையில் அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபோதுதான், பாவாடைக்குக் கீழே தெரிந்த என் காலுக்கு அங்கிருந்த பிள்ளைகள் "உலக்கைக் கால்" என்று பெயர் வைத்தார்கள். "ஏய் உலக்கை, நெல்லுக் குத்த வாரியா?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள். விரட்டிப் பிடிக்க என்னால் முடியும். பிடித்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. சாப்பிடாமல் இருந்தால் கால் மெலிந்துவிடும் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டு விடுமுறைக்கு ஊர் வந்தேன்.

தட்டைத் தள்ளியதும் அம்மா திட்டவில்லை. ஊர்த் திருவிழாவான "நோம்பி"க்கு அன்றைக்குச் சரியாக ஒன்பது நாள் இருந்தது. பூசைக் கூடையைக் குன்றின் உச்சிக் கோயிலுக்குச் சுமந்துபோவது அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. சுமக்கிறவள் வயதுக்கு வராத பெண்ணாக இருக்க வேண்டும், அத்தனை நாளும் சோறு தொடாமல் மாலையில் பாலும் பழமும் மட்டும் எடுக்க வேண்டும். நான் சோறு வேண்டாமென்றதும், பிள்ளை தானாகவே விரதம் பிடித்துவிட்டாள் என்று அம்மா எடுத்துக்கொண்டு கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள். ஊரே என்னை "வாங்க சாமி" என்றது. மறுத்துச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? தினமும் விடிந்ததும் வாழைநாரால் கெண்டைக்காலைச் சுற்றி அளந்தேன். அது ஒரு நூல்கூடக் குறையவில்லை, மற்றதெல்லாம் குறைந்தது.

நோம்பியன்று கூடையைத் தலையில் ஏற்றினார்கள். கோயில் சேருமுன் அது மண்ணில் படக்கூடாது. பட்டால் ஊருக்கு ஆகாது. முன்னால் பூசாரி, என்னோடு அம்மா, வெகு பின்னால் மேளத்தோடு ஊர்ச்சனம். பாதி ஏற்றத்தில் கண் இருட்டியது. "அம்மா, கூடையப் பிடி" என்றேன். அவள் வாங்கி, பாறையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் காதில் எல்லாவற்றையும் சொன்னேன்: விரதமில்லை, கால் மெலிய வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா என் காலைப் பார்த்தாள். பிறகு தன் சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். அதே கால், நரம்பு புடைத்து இன்னும் திரண்டது. "இதுக்கா கண்ணு பட்டினி கெடந்தே?" என்றாள். கூடைத் துணியை விலக்கி, சாமிக்கென்று அரிசி மாவும் வெல்லமுமாகப் பிசைந்திருந்த "மாவிளக்கு" மாவில் ஒரு கைப்பிடி எடுத்து என் வாயில் வைத்தாள்.

பூசாரி பதறிக்கொண்டு இறங்கி வந்தார். "ஏம்மா, சாமிக்குக் காட்டறதுக்கு முந்தியேவா?"

"சாமிகிட்ட நான் பேசிக்கறேனுங்க. புள்ள உருண்டுட்டா நீங்க பேசுவீங்களா?"

அவர் கீழே பார்த்தார். தோளில் கிடந்த துண்டை விரித்து எங்களை மறைத்துக்கொண்டு நின்றார். "சீக்கிரம் மெல்லு சாமி, மேளம் வளைவு திரும்பிருச்சு."

மூன்று கைப்பிடி தின்றேன். கூடையை மறுபடி தலையில் வாங்கி, மீதி மலையை நானே ஏறினேன். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. என் விரதத்தின் பலன் என்றார்கள். நாங்கள் மூவரும் மறுக்கவில்லை.

விடுதியில் பெயர் மாறவில்லை, அந்தப் பெயரில் கூப்பிட்டாலும் "என்ன?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. குடகில் மிளகு பறித்தேன், மூணாறில் கொழுந்து கிள்ளினேன், எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. வேலை கிடைக்காத நாளில் பட்டினி கிடந்திருக்கிறேன். கிடைத்த சோற்றை ஒருநாளும் தள்ளியதில்லை.

இப்போது உச்சிவரை ரோடு போட்டுவிட்டார்கள், கூடை ஜீப்பில் போகிறது, பழைய பாதையை உண்ணிச்செடி மூடிவிட்டது. சாமை விளைந்த சரிவெல்லாம் மரவள்ளியாகிவிட்டது. போன மாதம் சேலத்தில் ஒரு கடையில் சாமை அரிசியைப் பாக்கெட்டில் பார்த்தேன். மேலே ஓர் ஒல்லிப் பெண்ணின் படம், கீழே "உடல் மெலிய" என்று எழுத்து. எங்கள் மலையில் எல்லார் காலும் அதைத் தின்றுதான் திரண்டன. "வேணுங்களாக்கா?" என்றார் கடைக்காரர். இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஒன்றை அன்றைக்கே வடித்து, வயிறு நிறையத் தின்றேன்.