பதினொரு பைப்பும் ஒரே ஒரு ஆமாவும்

தங்கையனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் பைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரளத்தில் காரோடு என்கிற எங்கள் ஊரிலிருந்து தமிழ்நாட்டு எல்லை வரை ரோட்டோரம் பதினொரு பொதுக் குழாய்கள் இருந்தன. பம்பு ஹவுசில் மோட்டார் போடுவது என் வேலை. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டுப் பத்து மணிக்கு நிறுத்துவேன். நம் ஜனங்களுக்குக் குடத்தை நிறைக்கத் தெரியும், பைப்பை மூட மட்டும் கை வராது. தங்கையன் எட்டு மணிக்கு வீட்டிலிருந்து இறங்கி, ஒவ்வொரு பைப்பாக மூடிக்கொண்டே எல்லை வரை நடந்துவிட்டுத் திரும்புவான். மழையானாலும் போவான், பந்த் ஆனாலும் போவான். சம்பளம் வாங்குகிற எங்கள் ஆட்களில் ஒருத்தனும் செய்யாத வேலை அது.

நான் சொல்வது 1996இல் நடந்தது. அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டான். சட்டைக் காலர் கழுத்தில் உரசினால் பொறுக்காது. அக்கா ரத்னபாய் தையல்காரி. காலரை வெட்டிவிட்டுத்தான் அவனுக்குச் சட்டை தைப்பாள். எங்காவது தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால் அவனால் ஓரிடத்தில் இருக்க முடியாது. ஊரில் கிறுக்கன் என்றார்கள். போன வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் இதற்கு ஆட்டிசம் என்று பேர் சொன்னார். அன்றைக்கு அந்தப் பேர் எங்களுக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது.

ரோட்டோரத்து வீட்டுச் சரசம்மா இரண்டு நாள் காட்டாக்கடையில் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது கிணற்றடி மோட்டாரைக் காணவில்லை. முற்றத்துக் குழாய் சொட்டுகிற குழாய். அதை மூடுவதற்காகத் தங்கையன் கேட்டைத் திறந்து உள்ளே போனதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு நாளும் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததைத்தான் போலீசிடம் சொன்னார்கள், பொய் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை ஏழாவது பைப்படியில் வைத்து அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

மத்தியானம் ரத்னபாய் பம்பு ஹவுசுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணா, எனக்க தம்பி குத்தத்த ஏத்துக்கிட்டானாம். நாலு மணிக்கு நெய்யாற்றங்கரை கோர்ட்டுக்குக் கொண்டு போவாவளாம். ஜெயிலுல போட்டா அவன் பிழைக்க மாட்டான்."

அவள் மிகைப்படுத்தவில்லை. வேறு ஆள் கையால் வைத்த சோறு அவனுக்கு இறங்காது. பக்கத்தில் ஆள் படுத்தால் கண் மூட மாட்டான். நான் சைக்கிளை எடுத்தேன், அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

எந்த ஸ்டேஷன் என்பதை விட்டுவிடுகிறேன். இன்னும் அந்த வழியாகத்தான் நான் வேலைக்குப் போக வேண்டும். நாங்கள் உள்ளே நுழையும்போது மணி மூன்று. தங்கையன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து பின்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கான்ஸ்டபிள் கிருஷ்ணன்குட்டி லத்தியை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தி உட்கார வைத்தார். திரும்பவும் எழுந்தான்.

"மூணு தடவ ஓடப் பாத்தாச்சு" என்றார் என்னிடம். எல்லையோரத்து ஆள்தான், தமிழ் பேசுவார்.

அப்போதுதான் எனக்கும் காதில் விழுந்தது. பின்கட்டில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"சாரே, அந்த பைப்ப மூடுங்க. மூடினா அவன் இருப்பான்" என்றாள் ரத்னபாய்.

கிருஷ்ணன்குட்டி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். போய் மூடிவிட்டு வந்தார். தங்கையன் கைகளை முட்டியில் வைத்துக்கொண்டு அடங்கி உட்கார்ந்தான். கான்ஸ்டபிள் லத்தியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

எஸ்.ஐ. வடகேரளத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், இளம் வயது, பேச்சு மலையாளம்தான். மேஜையில் வாக்குமூலம் தயாராக இருந்தது. தங்கையனின் பெருவிரல் ரேகை மட்டும்தான் பாக்கி.

"ஞான் சோதிச்சு, அவன் சம்மதிச்சு. நிங்ஙளொக்கெ எந்தினு வந்நு?" என்றார். தான் கேட்டதும் அவன் ஒப்புக்கொண்டுவிட்டான், உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று.

ரத்னபாய் கைகூப்பினாள். "சாரே, யாரு சத்தம் போட்டுக் கேட்டாலும் அவன் ஆமான்னுதான் சொல்லுவான். நானாக்கும் அப்படி படிப்பிச்சது. சின்னதுல சந்தையில வச்சு, 'நீயாலே கல்லெறிஞ்சது'ன்னு கேப்பாவ. இவன் பதிலு மிண்டாம நிப்பான், அடிப்பாவ. ஆமான்னு சொல்லிருலே, சிரிச்சுட்டுப் போயிருவாவன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். எனக்க தப்பு சாரே."

எஸ்.ஐ. நம்பவில்லை. மணியைப் பார்த்தார், ஜீப்பை எடுக்கச் சொன்னார். கிருஷ்ணன்குட்டி மை டப்பாவைத் திறந்தார்.

ரத்னபாய் தம்பி பக்கம் திரும்பினாள். ஜீவிதத்தில் அவனிடம் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று கத்தினாள்.

"எலே தங்கையா! இந்த எஸ்.ஐ. சாராக்கும் மோட்டார எடுத்தது. இல்லியாலே?"

"ஆமா" என்றான் தங்கையன்.

இனி மூன்று பேரையும் சேர்த்து உள்ளே தள்ளுவார்கள் என்று நினைத்தேன். எஸ்.ஐ. முகம் சிவந்து எழுந்தார், மேஜையைச் சுற்றி வந்தார், அவனுக்கு நேரே நின்றார்.

"நீ ஆளெக் கொன்னிட்டுண்டோடா?"

"ஆமா."

"ஆரெ?" யாரை என்றுதான் கேட்டார்.

"ஆமா."

கிருஷ்ணன்குட்டி தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "சாரே, மோட்டார் எங்கேன்னு இன்னைக்கு காலத்தே கேட்டதுக்கும் இதையேதான் சொன்னான்."

அதைத்தான் அவர்கள் திமிர் என்று எழுதியிருந்தார்கள். களவுப் பொருளை ஒளித்த இடத்தைச் சொல்ல மறுக்கிறான் என்று வாக்குமூலத்தின் கீழேயே இருந்தது. எஸ்.ஐ. அந்தத் தாளை எடுத்து மறுபடி ஒரு தடவை வாசித்தார். கிழிக்கவில்லை. நாலாக மடித்து மேஜைக்குள் வைத்தார்.

"விளிச்சா வரணும்" என்றார். இப்போது போகலாம், கூப்பிட்டால் வர வேண்டும். எங்களைப் பார்க்காமல்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். ஸ்டேஷன் மதில் தாண்டியதும் ரத்னபாய் தம்பியிடம் கேட்டாள்.

"அடி கிட்டிச்சா மக்கா?"

"ஆமா."

"அடி கிட்டல்லியா?"

"ஆமா."

அவள் நடுரோட்டில் நின்றாள். அவனுடைய காலரில்லாத சட்டையைப் பின்பக்கம் தூக்கிப் பார்த்தாள். முதுகில் நாலு தடிப்பு. மோட்டார் இருக்கிற இடத்தைக் கேட்டபோது ஆமா சொன்னதற்கு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்டேஷனுக்குத் தண்ணீர் போகிற வால்வை ஒரு வாரம் பூட்டிப் போட்டிருப்பேன். பூட்டவில்லை. எனக்கும் பயம்தான்.

வீட்டுக்குப் போனதும் ரத்னபாய் அவனுக்கு 'இல்ல' சொல்லப் படிப்பிக்க உட்கார்ந்தாள். சோறு போட்டுவிட்டுக் கல் வேணுமா என்று கேட்டாள். குடையை நீட்டி இது மாடா என்று கேட்டாள். வருஷம் மூன்றாகிறது. இன்னும் ஒரு தடவைகூட அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. மோட்டாரும் கிடைக்கவில்லை. அந்தத் தாள் இன்னும் அந்த மேஜையில்தான் இருக்கிறதா என்று கேட்கப் போகவும் எங்களுக்குத் தைரியமில்லை.

அதனால் எட்டு மணிக்கு அவன் இறங்கும்போது அவனோடு ஆளுக்கொரு நாள் நடக்கிறோம். ஒரு நாள் ரத்னபாய், ஒரு நாள் நான். யாராவது சத்தமாக அவனிடம் ஏதாவது கேட்டால், அவன் வாய் திறப்பதற்கு முன்னால் நாங்கள் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு என் முறை.