கரப்பந்து முகாமில் ஒரு மன்றாட்டு

மொன்றியல் விமான நிலையத்தில் பயணப்பொதி தூக்குவது என் வேலை. போன கோடையில், வேலை முடிந்த கையோடு, எங்கள் பங்குக் கோவில் விளையாட்டு முகாமில் பிள்ளைகளுக்குக் கரப்பந்து பழக்கினேன். மூன்றாம் நாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. பன்னிரண்டு வயது ஷெரின் திரும்பத் திரும்பப் பந்தைத் தவறவிட்டாள்.

"விருப்பமில்லையெண்டால் வீட்டை போ," என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவள் போய் ஓரத்து வாங்கில் இருந்தாள்.

ஒவ்வொரு நாளும் முகாம் முடிகையில் பிள்ளைகள் ஒவ்வொருவராய்ச் சத்தமாய் மன்றாடுவார்கள். அன்று ஷெரின் என்னைப் பற்றி ஆண்டவரிடம் முறையிடுவாள் என்றுதான் நினைத்தேன். எப்போதும் பிரெஞ்சில் கதைக்கிறவள், தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள்: "ஆண்டவரே, கோச்சுக்குச் சரியான களைப்பு. அவருக்கு நல்ல நித்திரை குடுங்கோ."

பிறகு அவளிடம் போய், "பிழை என்னிலைதான், பிள்ளை," என்றேன்.

"ஓம்," என்றாள்.

களைப்பு இன்னும் போகவில்லை. அதைப் பிள்ளைகளில் காட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன்.