காற்றுப் புகுந்த ஜீப்

என் தங்கை ஜெனிலாவின் புருஷன் ஆன்றோ ஒரு சங்குக் குளியாள். பத்தொன்பது வருஷம் எங்கள் திரேஸ்புரம் கரையிலிருந்து போய்க் கடலுக்கடியில் சங்கு பொறுக்கினான். அந்தப் பத்தொன்பது வருஷமும் வள்ளத்தில் உட்கார்ந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தவன் நான்.

எங்கள் பக்கத்தில் கண்டவன் கையில் குளியாளின் கயிற்றைக் கொடுப்பதில்லை. மச்சான்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவளின் தாலியை அறுக்க எந்த அண்ணனுக்கும் மனசு வராது என்ற கணக்கு. முத்துக் குளித்த காலத்து வழக்கம் அது. இப்போது முத்தைக் காணோம், சங்குதான். மூச்சடக்கி இறங்குவதும் போய் கம்ப்ரசர் வந்துவிட்டது. வள்ளத்திலிருக்கும் எஞ்சின் நீளக் குழாய் வழியாகக் காற்றை அனுப்ப, குளியாள் அந்தக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கீழே உலாத்துவான். எல்லாம் மாறியும் கயிறு மட்டும் மச்சான் கையில்தான் இருக்கிறது.

ஆன்றோ பேச்சுக் குறைந்தவன். கரையில் இருக்கும்போது விருந்துக்கு வந்தவன் போல ஓரமாக உட்கார்ந்திருப்பான். நானோ வாய் மூடாதவன். எங்கள் இரண்டு பேரையும் ஒரே வள்ளத்தில் போட்டது யாருடைய குறும்போ தெரியவில்லை. ஒருநாள் மட்டும் அவனாகவே சொன்னான்: "கீழ போயிட்டா ஒரு சத்தமும் கெடயாது மச்சான். வெயிலு பச்சையா எறங்கி வரும். மணலு மேல நம்ம நெழலு நமக்கு முன்னால போவும். அங்கன இருக்கயில நான் யாருன்னே எனக்கு மறந்துரும்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுப் போய் வலைப்பையை உதறினான்.

கயிற்றுக்கு ஒரு பாஷை உண்டு. ஒரு இழுப்பு என்றால் பை நிறைந்துவிட்டது. விடாமல் இழுத்தால் உயிருக்கு ஆபத்து, ஆளைத் தூக்கு. போன வருஷம் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கயிறு என் கையில் துள்ளியது. நிற்கவே இல்லை. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஆளை மெல்ல மெல்லத் தூக்க வேண்டும், நடுவில் நிறுத்தி நிறுத்தித் தூக்க வேண்டும், இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஜெனிலாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. ஒரே மூச்சில் இழுத்துப் போட்டுவிட்டேன். காதிலும் மூக்கிலும் ரத்தத்தோடு வந்து விழுந்தான்.

கீழே அவனுக்கு ஆபத்து ஒன்றும் நடந்திருக்கவில்லை. வலம்புரிச் சங்கு ஒன்று கையில் அகப்பட்டிருக்கிறது. லட்சத்தில் ஒன்று அப்படி வலப்பக்கமாகச் சுழித்துக் கிடக்கும் என்பார்கள். எங்கள் அப்பா பார்த்ததில்லை, தாத்தாவும் பார்த்ததில்லை. பொங்கி வந்த சந்தோஷத்தில், நான் மேலே இருப்பது நினைவு வந்து, எனக்குச் சொல்லத்தான் அவன் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். நான் இழுத்த இழுப்பில் அது கைநழுவி மறுபடியும் கீழே போய்விட்டது.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "சோடா பாட்டிலத் தெறந்தா பொங்குதுல்லா? ரொம்ப நேரம் ஆழத்துல இருந்தவர வேகமா தூக்குனா ரத்தத்துல அப்படித்தான் காத்து முட்ட முட்டையா வரும். அது உள்காதத் தின்னுட்டுது. இன்னொரு தடவ எறங்குனா காதோட நிக்காது, பாத்துக்கோங்க." வலது காது செத்துவிட்டது. இடது காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினால், யாரோ கத்துகிறார்கள் என்று மட்டும் தெரியும்.

என் கை செய்த காரியம் அது. ஆன்றோ ஒரு நாளாவது என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். திட்டவில்லை. வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்: "அது அங்கனதான் கெடக்கும் மச்சான். எடம் எனக்குத் தெரியும்."

தண்ணீர் தெளியும் பருவம் வந்ததும் ஒரே ஒரு தடவை இறங்கப் போவதாகவும் சொன்னான். கயிறு பிடிக்க மாட்டேன் என்று குதித்தேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "அப்ப வேற ஆளு பிடிப்பான்" என்றான். என் வாயை அடைக்க அது போதும்.

அவனைக் கடலுக்கு முதுகு காட்ட வைக்க என்ன வழி என்று தேடித்தான் தேவபிரசாதம் அண்ணாச்சியின் உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணாச்சி நாசரேத்துக்காரர். அவருடைய பழைய டீசல் ஜீப் ஒன்று பதினோரு வருஷமாகப் பாத்தி ஓரத்தில் நின்றது. நின்றது என்று சொல்வது மரியாதைக்கு. சக்கரம் பாதி சேற்றில் புதைந்து, உடம்பெல்லாம் வெள்ளை பூத்து, கானல் அலையில் அசைவது போலத் தெரிந்தது. ஆன்றோ நடந்து போய் அதன் முன்னால் நின்றான். கடலடியில் மூழ்கிக் கிடக்கும் ஒன்றைத் தொடுவது போல மட்கார்டை மெல்லத் தடவினான். விபத்துக்குப் பிறகு அந்தக் கை ஆசையோடு ஒன்றைத் தொட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணாச்சி சொன்னார்: "நாலு சக்கரமும் இழுக்கும்லே. சேத்துல மாட்டுன உப்பு லாரியவே இழுத்துருக்கு. இப்ப பூன குட்டி போடுததுக்கு ஆவுது. எடுத்துட்டுப் போங்க, பூனகிட்ட மட்டும் ஒரு வார்த்த கேட்டுக்கோங்க."

எங்கள் யோசனை இதுதான். ஒவ்வொரு ஃபைபர் படகையும் மணலில் ஏற்றப் பத்துப் பேர் தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஜீப் ஓடினால் அது தனியாக இழுத்துவிடும், ஆன்றோவுக்குக் கரையிலேயே பிழைப்பு. ஜெனிலா அவன் முகத்துக்கு நேரே நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "வண்டி ஓடுச்சுன்னா நீங்க கடல மறந்துரணும்."

"ஓடலன்னா?" என்றான்.

அவனே சொன்னான்: "தண்ணி தெளியுத வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள படகு இழுத்துட்டா எறங்க மாட்டேன். இழுக்கலன்னா ஒரு தடவ போவேன். மாதா மேல சத்தியம்." அவள் சிலுவை போட்டுக்கொண்டு தையல் மிஷினுக்குப் போய்விட்டாள். உப்பளத்திலிருந்து ஜீப்பைக் கட்டி இழுத்து வந்து வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தினோம்; அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் அந்தப் பக்கமே வரவில்லை. ஆசைப்பட்டால் நடக்காமல் போய்விடும் என்று பயம் அவளுக்கு.

ஆவணியில் பிரிக்க ஆரம்பித்தோம். கழுவக் கழுவ உப்புப் பூத்தது. காலையில் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் காயவிட்டால் சாயங்காலம் இடுக்கெல்லாம் மறுபடியும் வெள்ளை. மூன்று வாரம் அந்த இரும்பு உப்பை வியர்த்துக்கொண்டே இருந்தது. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் காத்திருப்போம். காத்திருக்கும்போது எனக்குக் கோபம் வரும். அவனுக்கு வராது. கடலுக்கடியில் யாரும் அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதை உடம்பிலேயே பழகியவன்.

எஞ்சினுக்குள் கைவிடும்போது கண்ணை மூடிக்கொள்வான். கலங்கல் தண்ணீரில் விரலால் தடவியே சங்கை எடுத்தவன் அல்லவா, அந்த விரல்களே நட்டையும் வாஷரையும் கண்டுபிடித்தன. பேரிங் தேய்மானத்தை மற்ற மெக்கானிக்குகள் காதால் கேட்பார்கள். இவன் ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இரும்பில் ஊன்றி, கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சக்கரத்தைச் சுற்றச் சொல்வான். எலும்பு வழியாக அவனுக்கு என்னவோ வந்து சேரும். "பின்னால எடது பக்கம் கரகரங்குது" என்பான். பிரித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரியாக இருக்கும்.

வண்டிக்கு அடியில் படுத்துவிட்டால் அவனைக் கூப்பிட வழியில்லை. ஆகவே கணுக்காலில் கயிறு கட்டி வெளியே விடுவான். சாப்பாடு வந்தால் ஒரு இழுப்பு. எனக்குத்தான் அந்தக் கயிற்றைத் தொடவே கை கூசும். மெல்ல, நூலை இழுப்பது போல இழுப்பேன். அவன் உள்ளேயிருந்து, காது கேளாதவர்களுக்கே வரும் பெரிய குரலில், "பயப்படாம இழுங்க மச்சான், நான் கரையிலதான் இருக்கேன்" என்று சிரிப்பான். வெயில் சாயும் நேரம் கொட்டகை முழுவதும் டீசல் வாசமும் கடல் வாசமும் கலந்து கிறங்கடிக்கும். அவன் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நான் கயிற்று நுனியைப் பிடித்தபடி தூங்கியும் போயிருக்கிறேன். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

ஐப்பசி மழையில் வேலை நின்றது. கார்த்திகையில் கியர் பாக்ஸ் பூட்டினோம். தை பிறந்ததும் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று பேச்சு வந்தது. வள்ளக்காரன் பெவின் வந்து, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பாடு என்று சொல்லிவிட்டுப் போனான். எங்களிடம் மீதி இருந்தது ஒரே வேலை. சனிக்கிழமை டீசல் பம்பு டவுனிலிருந்து சரிபார்த்து வந்தது. மாட்டிச் செல்ஃப் அடித்ததும் ஜீப் இருமி, கரும்புகை கக்கி, உயிர் வந்து ஓடியது. நான் கத்திய கத்தில் அக்கம்பக்கத்து நாயெல்லாம் குரைத்தது.

இரண்டு நிமிஷத்தில் நின்றுவிட்டது.

மறுபடி அடித்தோம். மறுபடியும் இரண்டு நிமிஷம். டீசல் லைனில் காற்றுப் புகுந்துகொள்கிறது, அதுதான் வியாதி. காற்றுக் குமிழியை எடுத்துவிட்டால் ஓடும், புதிதாகக் காற்றுப் புகுந்ததும் நிற்கும். எங்கே புகுகிறது என்றுதான் தெரியவில்லை. ஓட்டை வழியே டீசல் வெளியே சொட்டினால் கண்டுபிடித்துவிடலாம். இதுவோ காற்றை உள்ளே உறிஞ்சுகிறது, வெளியே ஈரம் காட்டாது. ஃபில்டர் மாற்றினோம், வாஷரெல்லாம் மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து வந்து இருட்டும் வரை பார்த்தோம். பலனில்லை.

திங்கள் விடியலில் ஆன்றோ கம்ப்ரசரைக் கொட்டகை வாசலுக்கு எடுத்து வந்தான். பரணிலிருந்து மஞ்சள் காற்றுக் குழாயை இறக்கினான். ஜெனிலா அடுப்பங்கரையில் நின்றாள். அழவில்லை. அவனுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்தேன்.

இறங்குவதற்கு முன் குழாயைச் சோதிக்காமல் எந்தக் குளியாளும் போவதில்லை. ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கம்ப்ரசர் காற்றைக் கொடுத்து, தொட்டித் தண்ணீருக்குள் சுருள் சுருளாக அமுக்கிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் ஓட்டை. ஆன்றோ அப்படி அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. திடீரென்று அவன் கை நின்றது. தலையைத் திருப்பி ஜீப்பைப் பார்த்தான்.

"மச்சான், அந்த டீசல் பைப்பக் கழத்துங்க."

டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் இரும்புப் பைப் அது. துரு நீக்கிப் பெயிண்ட் அடித்துப் புதுசு போல வைத்திருந்தோம். கழற்றி, ஒரு முனையை அடைத்து, காற்றுக் கொடுத்துத் தொட்டிக்குள் அமுக்கினான். பைப்பின் நீளம் முழுவதும் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பி வந்தன. பதினோரு வருஷ உப்பு இரும்பை அரித்துச் சல்லடையாக்கியிருக்கிறது. பெயிண்டு அதைக் கண்ணுக்கு மறைத்து வைத்திருக்கிறது.

நோய் தெரிந்துவிட்டது. மருந்துக்கு எங்கே போவது? மணி ஐந்தே முக்கால். கடை திறக்க ஒன்பதாகும். கரையிலிருந்து பெவின், "ஆன்றோண்ணேன் வாராரா இல்லையா? கெளம்பணும்லா!" என்று கூவினான். நான் கைகாட்டி நிறுத்தினேன்.

ஆன்றோ தொட்டியையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான். பிறகு இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தான். மஞ்சள் குழாயைத் தண்ணீரிலிருந்து இழுத்து, முனையில் அல்ல, சரியாக நடுவில் மடக்கிப் பிடித்தான். முனையில் மூன்று முழம் வெட்டியிருந்தாலும் எங்களுக்குப் போதும், மிச்சத்தை வைத்து அவன் இறங்கவும் முடியும். நடுவில் வெட்டி ஒட்டுப்போட்ட குழாயை நம்பி எந்தக் குளியாளும் தண்ணீரில் கால் வைக்க மாட்டான்.

"நல்லா பிடிங்க மச்சான்" என்றான். பிடித்தேன். வெட்டினான்.

வெட்டிய இடத்திலிருந்து மூன்று முழம் நறுக்கி, டேங்குக்கும் பம்புக்கும் நடுவே கிளிப் போட்டு முடுக்கினோம். லைனில் டீசல் ஏற்றும் கைபம்பை அடிக்க முதலில் நுரை வந்தது, பிறகு குமிழிகளாக வந்தது, கடைசியில் டீசல் தெளிந்து வந்தது. செல்ஃப் அடித்தேன். இரண்டு நிமிஷம் போனது. ஐந்து போனது. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பெவினின் வள்ளம் புறப்பட்டுப் போய்ச் சின்னதாகித் தெரிந்தது. ஆன்றோ அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஸ்குரூ டிரைவரைப் பல்லில் கடித்து எஞ்சினில் ஊன்றி, கண்ணை மூடி, கடலுக்கடியில் இருக்கிறவன் போல நின்றான்.

பத்து மணிக்கு முதல் படகைக் கட்டி இழுத்தது ஜீப். மணலில் ஒரு கணம் திணறி, நாலு சக்கரமும் பிடித்து ஏறிவிட்டது. கரையில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். அடுத்த படகுக்குக் கயிறு மாட்ட நாங்கள் இரண்டு பேரும் இறங்கிப் போனோம். எஞ்சினை நிறுத்தவில்லை, நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இன்னும் போகவில்லை.

திரும்பி வந்தால் முன்சீட்டில் ஜெனிலா. கையில் அந்தக் கட்டுச்சோறு. எப்போது வந்து ஏறினாள் என்று தெரியவில்லை. அந்த இரைச்சலில், அந்த உதறலில், கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததே இல்லை. நாங்கள் கடலில் இருக்கும் நேரமெல்லாம் கரையில் கடலைப் பார்த்து நின்றவள்.

ஆன்றோ என் பக்கம் குனிந்து, தன்னால் முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ரொம்ப சத்தமா இருக்கா மச்சான்? நிறுத்திரட்டுமா?"

அவனுக்குப் புரிகிற மாதிரி உதட்டை நன்றாக அசைத்து, வேண்டாம், ஓடட்டும் என்றேன்.