போத்தலில் மிஞ்சிய பால்

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்திருந்த நாளில் நாங்கள் பகாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் இருந்தோம். கணவர் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. நான் தோட்டப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் எங்கள் வீட்டையும் சுற்றி முள்வேலி. பள்ளியும், பால்மரம் வெட்டப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும் வேலிக்கு வெளியே இருந்தன. காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, டின் பாலைக்கூடச் சேர்த்துவைக்க முடியாதபடி கடைக்காரர் துளைபோட்டுத்தான் விற்பார். கைக்குழந்தைக்கென்று ஒரு போத்தல் கலந்த பாலை மட்டும் வேலிக் கேட்டைத் தாண்ட விடுவார்கள்.

காலையில் அதைக் கழுத்துவரை நிரப்பி, மகளோடு ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். ஒரு நாள் மதியம் திரும்பி வந்த போத்தல், கொடுத்தபடியே நிறைந்திருந்தது. ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். தண்ணீர்தான்; பாலின் வாடை மட்டும் இருந்தது.

அன்றுதான் ஐந்தாம் வகுப்புக்குக் கலவைக் கணக்கு நடத்தியிருந்தேன். நாலு படி பாலில் ஒரு படி தண்ணீர் கலந்து, வாங்கிய விலைக்கே விற்கும் பால்காரனுக்கு நூற்றுக்கு எவ்வளவு லாபம்? பென்சிலைத் தொடுமுன் உத்தேசமாகச் சொல்லுங்கள் என்றேன். நாலு படி ஐந்தாகிவிட்டது. ஒரு படி சும்மா வந்தது. நாலுக்கு ஒன்று என்றால் நூற்றுக்கு இருபத்தைந்து.

"அப்ப வெறும் தண்ணியவே வித்தா இன்னும் லாபம்லா, டீச்சர்" என்றாள் ஒரு பெண். வகுப்பே சிரித்தது.

பாடப்புத்தகத்தில் தண்ணீர் ஊற்றுகிறவன் எப்போதும் ஏமாற்றுக்காரன்தான். ஆயாவையும் அப்படியே எண்ணிவிட்டேன். பாலை எடுத்துக்கொண்டு தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். அந்தப் பால் எங்கே போயிற்று? அந்த நாளில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: காட்டுக்கு.

கணவரிடம் சொன்னதும் அவர் முகம் மாறியது. உணவு எது குறைந்தாலும் ஆபீசில் சொல்ல வேண்டும், அங்கிருந்து போலீசுக்குப் போகும் என்பது உத்தரவு. "சந்தேகம்னா சொல்லு, எழுதிடறேன். அப்புறம் ஏன் மறைச்சன்னு நம்மளத்தான் கேப்பாங்க" என்றார். பக்கத்து லயத்திலிருந்து போலீஸ் லாரியில் ஏற்றிப்போன ஒருத்தி அதுவரை திரும்பியிருக்கவில்லை.

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். குழந்தை பாதி குடித்ததும் ஆயா வெந்நீர் ஊற்றி நிரப்பினால் என்ன ஆகும்? பால் அரைப்பங்கு. மறுபடி அப்படிச் செய்தால் கால் பங்கு. மதியத்துக்குள் மகள் மூன்று முறை குடிப்பாள்; மூன்றாம் முறை அரைக்கால், எட்டில் ஒரு பங்கு. போத்தல் நிறைந்துதான் இருக்கும், ஆனால் பாலில் பெரும்பகுதி குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்கும். எடுத்த எடுப்பிலேயே பாதியைத் திருடித் தண்ணீர் ஊற்றியிருந்தால் மிஞ்சுவது அதிலும் பாதி, பதினாறில் ஒரு பங்கு.

அதே டின்னிலிருந்து காலையில் கலப்பதுபோல் கொஞ்சம் பால் கலந்தேன். ஒரு கரண்டிப் பாலுக்கு ஏழு கரண்டி வெந்நீர் ஒரு தம்ளரில், பதினைந்து கரண்டி இன்னொன்றில். மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தேன். போத்தலில் இருந்தது முதல் தம்ளரைப் போலத்தான் இருந்தது. அப்படித்தானா? கணவரையும் குடிக்கச் சொன்னேன். அவருக்கு மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

என் நாக்கை நம்பி ஒருத்தியை விட்டுவிடலாமா? நம்பாமல் அவளைப் பிடித்துக் கொடுக்கலாமா? உத்தேசக் கணக்கு 'இப்படியும் இருக்கலாம்' என்பதோடு நின்றுவிட்டது. மிச்சத்தை நான்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

"எழுத வேணாங்க" என்றேன்.

மறுநாள் கொட்டகையில் மற்றவர்கள் நகர்ந்த பிறகு, பாலை எப்படிக் கொடுக்கிறாய் என்று ஆயாவிடம் மெல்லக் கேட்டேன்.

"பாதி குடிச்சதும் சுடுதண்ணி ஊத்தி ஊத்திக் குடுப்பேன், டீச்சரம்மா. பல்லு மொளைக்கிற புள்ள, கெட்டியா குடுத்தா வயிறு தாங்காதுலா. ஏன், ஏதும் பண்ணுதா?"

"ஒன்னும் பண்ணல."

அவள் போத்தலை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டாள். எந்தக் கேள்வியிலிருந்து தப்பினாள் என்று அவளுக்குத் தெரியாது. பள்ளி மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.