உரிமை இல்லை என்று நானே எழுதினேன்

சட்டத்தில் முதுகலை படிக்கிறேன் என்று சொன்ன மறுநாளே எங்கள் ஊரில் என்னை வக்கீலம்மா ஆக்கிவிட்டார்கள். இது வக்கீல் ஆகாதவர்கள் படிக்கிற படிப்பு என்று சொன்னால் யாருக்கும் புரியவில்லை. பொன்னேரி போகும் பேருந்தில் மீன் கூடையோடு ஏறிய அக்கா ஒருத்தி விடாமல் கேட்டாள்.

"என் மாப்ள மேல கேஸு போட்டுத் தருவியா மாட்டியா?"

"நான் போட முடியாதுக்கா. சட்டம் இன்னானு தெரிஞ்சிக்கலாம், அவ்ளோதான்."

"தெரிஞ்சிகினு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முடித்துவிட்டாள். "நீச்சல் தெரியும், தண்ணில எறங்க மாட்டேன்ன்ற மாதிரி கீது." பேருந்து முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

வார நாட்களில் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. வருகிற லாரி, போகிற லாரி, எல்லாம் கணினியில் ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையில் வகுப்பு. வங்கியில் வேலை பார்ப்பவர், மருத்துவமனையில் நிர்வாகம் பார்க்கிற அம்மா, ஒரு கட்டடப் பொறியாளர் என்று கலந்து உட்கார்ந்திருப்போம். எல்லோரையும்விட நான்தான் சின்னவள். எதைக் கேட்டாலும் முதலில் கை தூக்குகிறவளும் நான்தான். திரும்பி வரும் ரயிலில் அன்றைய பாடத்தை ஊரில் எதன்மேல் பொருத்தலாம் என்று யோசித்துக்கொண்டே வருவேன். யோசித்தால் போதாது, அன்றைக்கே பொருத்திவிட வேண்டும். அப்படி ஓர் அவசரம்.

இரண்டாவது பருவத்தில் வழக்காறு பற்றிப் பாடம் வந்தது. ஓர் ஊரில் காலங்காலமாக, விடாமல், எல்லோரும் ஏற்று நடத்தி வருகிற வழக்கத்தைச் சட்டமும் மதிக்கும் என்றார் பேராசிரியர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது எங்கள் பாடு அல்லவா!

பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு, நாளைக்கு வேறொருவருக்கு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். வருஷத்துக்கு ஒரு முறை ஊர் கூடி, பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு தலைக்கட்டின் பேரையும் கூப்பிட்டுச் சீட்டு எடுப்பார்கள். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். பெண் பேர் பட்டியலில் கிடையாது.

என் அண்ணன் பேர் அந்தப் பட்டியலில் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் முகத்துவாரத்துப் பக்கம் திடீரென்று காற்று மாறி அவன் படகு கவிழ்ந்தது. அண்ணிக்கு அப்போது இருபத்தாறு வயது. மடியில் இரண்டு வயதுப் பெண். அந்த வருஷம் சீட்டு எடுக்கிறபோது வழக்கப்படி அண்ணன் பேரையும் கூப்பிட்டார்கள். என் நைனா, "இருக்கான்" என்றாராம். சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். அண்ணன் முறை வருகிற நாளில் நைனாவும் அவரோடு இன்னும் மூன்று பேரும் போய் வலை கட்டுவார்கள். வலைக்குச் சொந்தமானவனுக்கு வலைக்காரன் பங்கு என்று ஒன்று உண்டு, வலை அண்ணனுடையது என்பதால் அது நேராக அண்ணி வீட்டுக்குப் போகும். அவள் அதைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய் விற்பாள். அவளும் பெண்ணும் வாழ்ந்தது அதில்தான். கணவன் இறந்துபோன வேறு வீடுகளிலும் இதே வழக்கம்தான். ஆனால் அங்கெல்லாம் ஆண் பிள்ளை உண்டு. பிள்ளை வளர்ந்து கல்யாணம் ஆகிறவரை அப்பன் பேர் பட்டியலில் இருக்கும். அண்ணிக்கு இருப்பது பெண். அப்படியானால் அந்தப் பேர் எதுவரை இருக்கும்? ஊரில் யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன்.

அண்ணி பேரையே பட்டியலில் ஏற்ற வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதினேன். நைனாவுக்கு அது பிடிக்கவில்லை.

"நடந்துனு கீது இல்ல பாப்பா? நடக்கட்டும் வுடு. கேக்காத."

"நடக்கிறது வேற நைனா, உரிமை வேற. நாளைக்கு எவனாவது நிறுத்திட்டா?"

"கேட்டா இன்னிக்கே நிறுத்துவான்."

அவர் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அண்ணியிடம் போனேன். "பேரு யாரு பேரா இருந்தா இன்னா, எறா வந்தா சரி" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ படிச்சினு கீற. உனக்கு சரின்னா எனக்கும் சரி" என்று கையெழுத்துப் போட்டாள்.

மனுவில் இரண்டு பக்கம். முதல் வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'எங்கள் ஊரில் கணவனை இழந்த பெண்களுக்குப் பாடு முறையில் இதுநாள்வரை எந்த உரிமையும் இருந்ததில்லை.' அநியாயத்தை முதல் வரியிலேயே சுளீரென்று சொல்ல வேண்டும் என்று எழுதியது. ரயிலில் ஐந்தாறு தடவை வாசித்து வாசித்து ரசித்தேன்.

ஏரிக்குப் போகாத ஒரு நாள் காலையில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ஊர் கூடியது. பெண்கள் வெளித் தாழ்வாரத்தில். அண்ணி ஒரு தூணை ஒட்டி நின்றாள். நான் மட்டும் உள்ளே போனேன். ஊர்த் தலைவர் முறைக்கு எனக்குச் சித்தப்பா. கெட்டவர் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவை நிதானமாகச் சத்தம் போட்டு வாசித்தார். முதல் வரி முடிந்ததும் நிறுத்தினார்.

"இது நீ எழுதினதா பாப்பா?"

"ஆமா சித்தப்பா."

"எந்த உரிமையும் இருந்ததில்லைனு நீயே எழுதிகீற. கீழ உங்க அண்ணி கையெழுத்து. அப்புறம் நாங்க இன்னா சொல்றது?"

"அதனாலதான் இப்போ குடுக்கச் சொல்லிக் கேக்குறோம்."

பின்னால் இருந்து ஒருத்தர், "பொம்பளைக்குப் பாடு குடுத்தா, வலை கட்ட வக்கீலம்மா வருமா?" என்றார். சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"இத்தினி நாள் யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல. நீ எழுத்துல கேட்டுட்ட. எழுத்துல கேட்டா பதில் சொல்லணும் இல்ல? பொம்பளைக்குத் தலைக்கட்டு கிடையாது. செத்தவன் பேரைக் கூப்பிடுறதும் முறை இல்ல. ஆம்பளப் புள்ள கீற வீட்டுக்கு மட்டும் இருக்கட்டும்."

நான் வழக்காறு, தொடர்ச்சி, நியாயம் என்று ஏதேதோ பேசினேன். வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினேன். நைனா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இடத்திலேயே நோட்டைப் பிரித்து, என் அண்ணன் பேரின்மேல் ஒரு கோடு இழுத்தார்கள். வெளியே வந்து பார்த்தேன். தூண்தான் இருந்தது. அண்ணி போயிருந்தாள்.

அந்த வாரமே அவள் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். விடியற்காலையில் வேன் வரும். பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். என்னைத் திட்டவில்லை. வாசலில் நான் நின்றால் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போவாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் அழுதாவது இருப்பேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் பேராசிரியர் ஏதோ கேட்டார். பதில் தெரியும். கை தூக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து நானே அண்ணியிடம் போய், பொன்னேரியில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டேன். "இன்னும் இன்னா போறதுக்கு கீது" என்று புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். அங்கே இருந்த வக்கீல் அம்மா மனுவின் நகலை வாசித்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான் மேடம்."

"எதிர்த்தரப்புக்கு வேலையே வைக்கலியே நீங்க." குரலில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நாலு வருஷமா இவங்களுக்குப் பங்கு வந்திருக்கு. அதானே உங்க வழக்கம்? அதை விட்டுட்டு, இல்லவே இல்லைனு ஆரம்பிச்சிருக்கீங்க. பங்கு குடுத்தவங்க யாராவது வந்து சொன்னா, இந்த வரியைத் தாண்டிப் போகலாம்."

பங்கு கொடுத்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் வீட்டுக்கும் போனேன். ஒருவர் இல்லை என்று சொல்லச் சொன்னார், உள்ளே இருமல் கேட்டது. இன்னொருவர், "குடுத்தோம்மா, யாரு இல்லன்றது? ஆனா கோர்ட்டுல வந்து சொன்னா அடுத்த சீட்டுல என் பேரு இருக்குமா?" என்றார். மூன்றாமவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

நான்காவது ஆள் நைனா. அவரிடம் எனக்குக் கேட்க வாய் வரவில்லை. ஊரை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனால் அவர் முறையும் போகும். அண்ணியும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், "மாமாவை இஸ்துகினு போவாத."

கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு கோத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார். "மூணு வூட்டுக்கும் போனியாமே. இங்க மட்டும் ஏன் கேக்கல?"

"உங்க பாடு போயிடும் நைனா."

"எனக்குத் தெரியாதா? எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு சுத்தமாக ஒரு பிரதி எடுத்து, பொன்னேரியில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'என் மகன் இறந்தபின், என் மருமகளின் நிலைமை கருதி, கருணையின் பேரில் நாங்கள் நான்கு பேரும் பங்கு கொடுத்து வந்தோம்.'

"நில்லு" என்றார். "கருணைனு எவன் சொன்னான்?"

"சும்மா... நல்லா இருக்கும்னு நைனா."

"நான் சொன்னனா?"

"இல்ல."

"நாங்க இன்னா பிச்சையா போட்டோம்? அவ வூட்டுப் பாடு. அவ வூட்டு வலை. அவ பங்கு அவளுக்குப் போச்சு. எங்க கூலிய நாங்க எடுத்துகினோம். அத எழுது."

நோட்டரி கடிகாரத்தைப் பார்த்தார். உரிமை இல்லை என்று ஒரு தடவை எழுதித் தோற்றவள், அதையே வேறு வார்த்தையில் மறுபடி எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பக்கத்துக் கடையில் வேறு தாளில் அடித்தேன், அவர் சொன்னதை மட்டும். வாசித்தேன். தலையாட்டினார். நிதானமாக, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வழக்கு எண் வந்தது. ஊருக்குச் செய்தி அதற்கு முன்பே போய்விட்டது. அந்த வருஷச் சீட்டில் நைனாவின் பேரைக் கூப்பிடவில்லை. அவர் அங்கே கடைசிப் பேர்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். சித்தப்பா மட்டும் வழியில் நிறுத்தி, "அண்ணே, எனக்கு வேற வழி இல்ல" என்றாராம். "எனக்கும்தான்" என்றாராம் இவர்.

இப்போது நைனா பாடு இடங்களுக்கு வெளியே, இறால் அதிகம் வராத ஓரத்தண்ணீரில் தனியாக வலை போடுகிறார். வழக்கு இன்னும் முதல் விசாரணையைத் தாண்டவில்லை. எதிர்த்தரப்பு என் மனுவின் முதல் வரியைத்தான் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது. நான் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன். தேர்ச்சி பெற்றுவிடுவேன்.

போன வாரம் நைனா பிடித்து வந்ததில் பாதியை ஒரு பாத்திரத்தில் போட்டு அண்ணி வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார். கொஞ்சம் நண்டு, ஒரு கை இறால். கொண்டுபோனேன். அண்ணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, ஊறிச் சுருங்கிய விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள், மூடியைப் போட்டு என் பக்கமே தள்ளினாள்.

"கேஸு முடியற வரைக்கும் வேணாம்னு மாமாகிட்ட சொல்லு. இத நான் வாங்கினா, நாளைக்கு எவனாவது கருணைன்னுவான்."

பல நாள் கழித்து அவள் என்னிடம் நேராகப் பேசிய வாக்கியம் அது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.