சிவப்பு போன கண்

நெடுங்காட்டு அல்லி, மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை ஒன்று வாங்கினாலும் பில் கேட்பார். "ஒத்த மாத்திரைக்கா?" என்று கடைக்காரர் சிரித்தால், "எழுதுங்க, நிக்கிறேன்" என்பார்.

காரணம் உண்டு. ஆறு அறுவடைகளுக்கு முன்பு அவருடைய இடது கண்ணில் நெல்லின் முள் போன்ற சுணை அடித்தது. கடையொன்றில் கொடுத்த சொட்டு மருந்தை விட்டார். இரண்டே நாளில் சிவப்பு போனது. குணமாகிவிட்டதென்று மறுபடியும் வயலில் இறங்கினார். மூன்றாம் வாரம் கருவிழியில் வெள்ளை படர்ந்து பார்வை அடியோடு போயிற்று. அந்த மருந்து சிவப்பை மட்டும் அடக்கிவிட்டு, சுணையோடு புகுந்த பூஞ்சைக்குத் தீனி போட்டது என்றார் காரைக்கால் கண் டாக்டரம்மா. கடைக்காரரோ, அப்படியொரு மருந்தைக் கொடுக்கவே இல்லையென்று சாதித்தார். காலிக் குப்பி இருந்ததே தவிர, அங்கே வாங்கியதற்கு அல்லியிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்ற அல்லி, அதன் பிறகு மருந்துப் பெட்டிகளின் பொடி எழுத்துகளைத் தாமே கூட்டிக் கூட்டிக் கற்றார். தம் கண்ணைக் கெடுத்த மருந்தின் ஆங்கிலப் பெயர் அவருக்கு இன்று மனப்பாடம்.

இந்தத் தை மாதம், அறுவடை இயந்திரம் திரும்ப முடியாத வரப்பு மூலையைப் பெண்கள் அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ராஜத்தின் வலது கண் ரத்தமாய்ச் சிவந்து நீர் வடித்தது. முந்தாநாள் அடித்த சுணை. அவள் கணவன் செல்லையன் பைக்கில் ஒரு மருந்துக் குப்பியோடு வந்து இறங்கினான்.

"போன வருஷம் நான் விட்டதுதாங்க்கா. மறுநாளே கண்ணு பளிங்காயிடுச்சு."

அல்லி குப்பியைப் பிடுங்கி வெயிலில் பிடித்தார். எழுத்து எழுத்தாக விரல் நகர்ந்தது. அதே பெயர்!

"ஒரு சொட்டுகூட விழக் கூடாது!"

"நீங்க எப்பக்கா டாக்டருக்குப் படிச்சீங்க?"

"ஒரு கண்ணைக் கொடுத்துப் படிச்சேன். வண்டியத் திருப்புடா!"

மூவரும் ஒரே பைக்கில் காரைக்காலுக்குப் பறந்தார்கள். "இன்னைக்கு வேலை போச்சே!" என்று நடுவில் ராஜம் புலம்ப, "பேசாம வாடி!" என்று பின்னாலிருந்து அல்லி அதட்டினார்.

டாக்டரம்மா புண்ணைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார். "பூஞ்சைதான். இப்பதான் தொடங்கியிருக்கு. கண்ணுல வேற ஏதாவது விட்டீங்களா?"

"விடல!" மூன்று குரலும் ஒன்றாய் எழுந்தன.

மணிக்கொரு தடவை புது மருந்து. நேரம் தவறினால் அல்லி வந்து கதவைத் தட்டினார். மருந்து விட்ட ஒவ்வொரு வேளையையும் காலண்டர் தாளில் குறித்தார்.

மூன்று வாரம் கழித்து, ராஜத்தின் இடது கண்ணை மூடிவிட்டு, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் காட்டினார் டாக்டரம்மா. அதிலிருந்த E எழுத்துகளின் கோடுகள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று சொல்ல வேண்டும். அல்லி பக்கத்திலேயே நின்றார்.

"மேல... கீழ... இந்தப் பக்கம்..." ராஜத்தின் விரல் வரிசை வரிசையாக இறங்கியது. ஐந்தாவதில் சற்றே திணறி, அதையும் தாண்டியது. "அதுக்கும் கீழ எறும்பாட்டம் என்னமோ தெரியுதுங்கம்மா. அதையும் சொல்லணுமா?"

"சொல்லுடி! எல்லாத்தையும் சொல்லு!" என்று அல்லி போட்ட சத்தத்தில், அடுத்த அறை நர்ஸ் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.