ஈர விளக்கின் மூலை ஓட்டை

முலாம் பட்டறையில் அவளுக்குத் 'தொட்டியம்மா' என்று பெயர். பதினெட்டு வருஷமாக மின்முலாம் தொட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கதவுக் கைப்பிடி, இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு, மிக்ஸி மூடியின் வளையம் என்று எது வந்தாலும் அமிலத்தில் கழுவி, செம்புக் கம்பியில் மாட்டி, தொட்டிக்குள் தொங்கவிட்டு, மின்சாரத்தைத் திறந்துவிடுவாள். ஒரு பக்கத்து உலோகம் கரைந்து மறுபக்கத்துப் பொருள்மேல் போய் உட்காரும். அவ்வளவுதான் தொழில். நகமெல்லாம் பழுப்பேறிப் போனதுதான் அதில் கிடைத்த மெடல்.

வீட்டில் மாமனார் படுக்கையில். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் மூன்று வருஷம். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் சாலையில்தான். காலையில் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வாள். மதியம் பட்டறை விட்டு வந்தபின் துணி மாற்றுவது, துடைப்பது, புரட்டிப் போடுவது எல்லாம் இவள்தான்.

படுத்திருப்பவர் ஈரத்திலேயே கிடந்தால் என்ன ஆகும் என்பதைப் பூசி மெழுகிப் பயனில்லை. தோல் ஊறும். ஊறிய தோல் இழுபட்டால் உரியும். உரிந்த இடம் புண்ணாகி எலும்புவரை இறங்கும். மாமனாருக்கு வால் எலும்பின்மேல் வந்த புண் ஆற நான்கு மாதம் பிடித்தது.

"நனைஞ்சா ஒரு குரல் குடுக்கக் கூடாதா மாமா?"

"எனக்கே தெரியாத சேதிய நான் உனக்கு எப்படிம்மா சொல்றது? பேப்பர்ல போட்டிருந்தா படிச்சுச் சொல்லியிருப்பேன்."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது வேலையாகப் பட்டது. அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, வேறு எதற்காவது தெரிய வேண்டாமா? சிறுநீரில் உப்பு இருக்கிறது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடும். நாளெல்லாம் அவள் பார்க்கிற கூத்துதானே அது! இரண்டு செம்புப் பட்டைகளை ஒரு விரல் இடைவெளி விட்டுத் துணியில் தைத்து, விரிப்புக்கு அடியில் போட்டாள். நான்கு பேட்டரி, ரேடியோ கடையில் வாங்கிய ஒரு டிரான்சிஸ்டர், அடுப்புக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. விரிப்பு நனைந்தால் விளக்கு எரியும்.

எரிந்தது. ஆனால் பத்து நாளில் ஒரு பட்டை பச்சை பூத்து, எலி கடித்ததுபோல் ஓரமெல்லாம் அரித்துப்போனது. அதைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மின்சாரம் ஒரே திசையில் போனால் ஒரு பக்கம் கரையத்தானே செய்யும்! படுக்கைக்குள்ளேயே ஒரு முலாம் தொட்டி வைத்திருக்கிறாள், அது தெரியாமல். அதற்கு மருந்தும் பட்டறையிலேயே இருந்தது. சரியாகப் பிடிக்காத முலாமைக் கழற்ற மின்சாரத்தைத் திருப்பி விடுவார்கள். அதேபோல ஒரு திருப்பு ஸ்விட்ச் வைத்தாள். ஒவ்வொரு தடவை விரிப்பு மாற்றும்போதும் அதைத் தட்டிவிட வேண்டும்; இந்தத் தடவை இந்தப் பட்டை, அடுத்த தடவை அந்தப் பட்டை. செம்புக்கு மேல் வெள்ளீய முலாமும் கொடுத்தாள். நிக்கல் பூசியிருக்கலாம், ஆனால் நிக்கல் சிலர் தோலுக்கு அரிக்கும். அதற்கப்புறம் மாமனாருக்குப் புண் வரவில்லை.

"ஊர்ல எல்லாரும் எண்ணெய் ஊத்தி விளக்கேத்துறான். எங்க வீட்டுல பாரு, நான்தான் எண்ணெய்" என்றார் மாமனார்.

வீடு வீடாக வந்து நோயாளிகளைப் பார்க்கும் நர்சம்மா அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னும் ரெண்டு செஞ்சு குடு" என்றாள். இரண்டு நான்காகி, நான்கு பதினொன்றானது. பதினொரு படுக்கை, பதினொரு விளக்கு. 'ஈர விளக்கு பொருத்தப்பட்டது' என்று ஒவ்வொருவர் பராமரிப்பு அட்டையிலும் நர்சம்மா தேதி போட்டு எழுதினாள்.

பன்னிரண்டாவதாகக் கேட்டு வந்தவர் ஒரு வீட்டுச் சாதனக் கம்பெனியின் இன்ஜினியர். கழுத்தில் அட்டை, கையில் ஆப்பிள் பை. "எங்க அம்மா படுத்த படுக்கையா இருக்காங்கம்மா" என்றார். கண் கலங்கினாரா இல்லையா என்று அவள் பார்க்கவில்லை. அம்மா என்ற பிறகு என்ன விசாரணை? பட்டை ஏன் அரித்துப்போனது, ஸ்விட்ச் எதற்கு என்று பிரித்துப் போட்டு விளக்கி, ஒரு விளக்கையும் கையில் கொடுத்து அனுப்பினாள்.

ஏழு மாதம் கழித்து வக்கீல் கடிதம் வந்தது. 'எமது கட்சிக்காரர் காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ள சாதனத்தை' அவள் செய்வதை உடனே நிறுத்த வேண்டுமாம். கொடுத்தவற்றையும் திரும்ப வாங்க வேண்டுமாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இது அதற்கும் ஒரு படி மேல்: நெய்க்காரியையே சட்டியைக் கீழே வை என்கிற கதை.

"பதினோரு பேரை மறுபடி ஈரத்துல போடச் சொல்றானா?" என்று மாமனார் கேட்டார். இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை.

"அவன் சொன்னா நான் போட்டுடுவேனா?"

மறுநாள் அரை நாள் லீவு போட்டுக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போனாள். விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதித் தரலாம் என்று குமாஸ்தா சொன்னார். அதாவது, கிடைக்காத உரிமையை வைத்துத்தான் மிரட்டியிருக்கிறார்கள்! விண்ணப்பத்தின் நகலை வாங்கி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். அவளுடைய விளக்கு. அவளுடைய திருப்பு ஸ்விட்ச். படத்தில் ஒவ்வொரு பட்டையின் மூலையிலும் ஒரு சின்ன வட்டம். அவள் போட்ட ஓட்டையைக்கூட விடவில்லை! ஆட்சேபணையை அங்கேயே கையால் எழுதிக் கொடுத்தாள்.

விசாரணை அன்று மேஜைக்கு அந்தப் பக்கம் இன்ஜினியரும் வக்கீலும். இந்தப் பக்கம் இவளும், அட்டைக் கட்டோடு நர்சம்மாவும். நடுவில் அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு பெண்.

இன்ஜினியரைப் பார்த்ததும் தொட்டியம்மா கேட்ட முதல் கேள்வி: "அம்மா எப்படி இருக்காங்க சார்?"

அவர் பேனா மூடியைத் திருகினார். "நல்லா... இருக்காங்க."

"எழுந்து நடக்கறாங்களா?"

"அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி" என்று வக்கீல் குறுக்கே வந்தார்.

"சம்பந்தமில்லாத அம்மாவைச் சொல்லித்தான சார் என் வீட்டுக்குள்ள வந்தாரு?"

அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினாள். சாதனம் முழுக்கத் தங்கள் ஆய்வுக் கூடத்தில் பிறந்தது என்றார் இன்ஜினியர்.

"அப்படின்னா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மேடம்" என்றாள் தொட்டியம்மா. "அந்த மூலை ஓட்டை எதுக்குன்னு சொல்லச் சொல்லுங்க."

அதிகாரி தாளைப் புரட்டினாள். "காற்றோட்டத்துக்குன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். காத்துப் போறதுக்கு" என்றார் இன்ஜினியர்.

"அம்பது கிலோ ஆள் மேல படுத்திருக்காரு. காத்து எந்தப் பக்கமா சார் வரும், டிக்கெட் வாங்கிட்டா?"

நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தொட்டியம்மா பையிலிருந்து பட்டறையின் செம்புக் கொக்கியை எடுத்து, தன் பட்டையின் மூலை ஓட்டையில் மாட்டித் தூக்கிப் பிடித்தாள். பட்டை ஆடியது.

"தொட்டிக்குள்ள தொங்கவிட்டாத்தான் மேடம் முலாம் ஏறும். அதுக்குப் போட்ட ஓட்டை இது. விளக்குக்கும் இதுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. இவங்க பட்டை மெஷின்ல வெட்டின எவர்சில்வர் தகடு, முலாமே இல்ல. இவங்க எதை, எங்க தொங்கவிடறாங்க?"

இன்ஜினியர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயை மறைத்தவர்கள் காம்பை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள்.

அதிகாரி பதினொரு அட்டைகளையும் ஒவ்வொன்றாக வாங்கித் தேதி பார்த்தாள். எல்லாமே விண்ணப்பத்துக்கு முந்தியவை. "அப்போ உங்களுக்கும் ஒரு விஷயம் சொல்லணும்மா" என்றாள். "அவங்களுக்குக் காப்புரிமை கிடையாது. ஆனா நீங்களும் இனிமே கேக்க முடியாது. விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடியே ஊரறியக் குடுத்துட்டீங்க. இனி இதை யார் வேணும்னாலும் செய்யலாம்."

"யார் வேணும்னாலும்னா, இவரும் செய்யலாமா?"

"செய்யலாம்."

"புண்ணு வரும்னு குடுத்தது தப்பா மேடம்? உரிமை வாங்குறவரைக்கும் எல்லாரும் ஈரத்துலயே கிடங்கன்னு சொல்லியிருக்கணுமா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு அட்டைகளை அடுக்கி நர்சம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு வாரத்தில் உத்தரவு தபாலில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவள் விளக்கு செய்யத் தடை இல்லை. நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தாள். விண்ணப்பதாரர் என்று கம்பெனி இருந்தது. கண்டுபிடிப்பாளர் என்று அந்த இன்ஜினியரின் பெயர் அப்படியே அச்சாகி இருந்தது. அவளுக்கு முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே பெயர்: 'எதிர்ப்பாளர்'.

"பாத்தீங்களா மாமா? திருடினவன் கண்டுபிடிப்பாளராம். கண்டுபிடிச்ச நான் எதிர்ப்பாளராம்!"

"உனக்குப் பொருத்தமான பேருதாம்மா. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து வேற என்ன செஞ்ச?" மாமனார் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "சரி, பேனாவ எடு. அந்த இடத்துல அடிச்சு உன் பேர எழுது. நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

பேனாவைத் தேடி எழுந்தபோது அடுப்புக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"சாட்சிக் கையெழுத்துப் போட்டாச்சு" என்றார் மாமனார், கட்டிலிலிருந்தே விளக்கைப் பார்த்து.

உத்தரவை மேஜைமேல் வைத்து, பறக்காமலிருக்க அதன்மேல் செம்புக் கொக்கியை வைத்தாள். புது விரிப்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். கோபம் அப்படியே இருந்தது. "இடது பக்கம் புரட்டறேன் மாமா" என்றாள். விரிப்பை மாற்றிவிட்டு, ஸ்விட்சை மறுபக்கம் தட்டினாள்.